ஞாயிறு நாலரை மணி: முகாம் பிள்ளைகளோடு விளையாடப் போகிறவர்களுக்கு

முதல் நாள் நான் கொண்டுபோனது கிரிக்கெட் கிட். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் விசில் ஊதிய பி.டி. வாத்தியாருக்குப் பிள்ளைகளை விளையாட வைக்கத் தெரியாதா என்ற நினைப்பு. அணையோரத்து இலங்கைத் தமிழர் முகாமுக்குப் போய்ப் பையைத் திறந்தேன். இரண்டு பேட்டும் பெரிய பையன்கள் கைக்குப் போயின. இருபதுக்கு மேல் பிள்ளைகள் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். பெண் பிள்ளைகள் வாசற்படியை விட்டே இறங்கவில்லை. ஏழு வயதுப் பொடியன் ஒருவன் முள்ளுக்குள் போகிற பந்தையெல்லாம் ஓடி ஓடி எடுத்துப் போட்டான். அவனுக்கு ஒரு பால்கூடக் கிடைக்கவில்லை. அவுட்டா இல்லையா என்று தொடங்கிய வாய்த்தகராறு, ஸ்டம்பைப் பிடுங்கி ஓங்குகிற வரைக்கும் போனது. விசிலை எடுத்து நீளமாக ஊதினேன். எல்லோரும் அப்படியே நின்றார்கள், ஆனால் அது அடங்கி நின்ற நிலை இல்லை. ஒரு அம்மா குழந்தையை இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். முகாம்காரர்களுக்கு நீளமான விசில் என்றால் தணிக்கைதான், அதாவது அதிகாரிகள் வந்து ஆள் கணக்குப் பார்ப்பதுதான், நினைவுக்கு வரும் என்று யாரோ பிறகு சொன்னார்கள்.

நான் செய்த தப்பை நீங்களும் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கல்லூரி மாணவர்கள், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர்கள், ஓசூர் கம்பெனிகளில் இருந்துகொண்டு ‘ஞாயிற்றுக்கிழமை ஏதாவது நல்லது செய்யலாமே’ என்று கேட்கிறவர்கள், இவர்களுக்காக.

யார் இந்தப் பிள்ளைகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் பல அணைகளை ஒட்டியே இருக்கின்றன. பாம்பாறு, நாகாவதி, தும்பலஅள்ளி, வாணியாறு என்று அணையின் பேரே முகாமுக்கும் பேர். 1983-க்குப் பிறகு பல கட்டங்களாக வந்தவர்களுக்கு அரசு இடம் ஒதுக்கியது. 2021-இல் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றினார்கள். நீங்களும் பழைய சொல்லை விட்டுவிடுங்கள். பள்ளிக்கூடத்தில் அந்த ஒரு சொல்லைக் கேட்டுக் கேட்டு முகம் சுண்டிப்போன பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இன்றைக்கு அங்கே விளையாட வருகிற பிள்ளை கடலைத் தாண்டி வந்ததில்லை. அவன் பிறந்தது தருமபுரி அரசு மருத்துவமனையாக இருக்கும், அவன் அம்மாவும் பெரும்பாலும் இங்கேதான் பிறந்திருப்பார். போர் அவனுக்குத் தெரியாது. ஆனாலும் இந்த நாட்டுக் குடிமகன் என்று சொல்ல அவனிடம் காகிதம் இல்லை. அப்பா பெயிண்ட் அடிக்கிற வேலைக்குப் பத்து நாள், பதினைந்து நாள் வெளியூர். வீட்டில் சத்தமாகப் பேசக்கூடாது, யாரோடும் வம்புக்குப் போகக்கூடாது, பேர் கெட்டால் எல்லோருக்கும் கெடும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருப்பார்கள். பயத்தை அவன் வாரிசுரிமையாக வாங்கியிருக்கிறான்.

இடம்பெயர்ந்த பிள்ளைகள் என்றால் இவர்கள் மட்டுமில்லை. பொங்கல் முடிந்து மழை வரும்வரை செங்கல் சூளையில் பெற்றோரோடு தங்குகிற பிள்ளைகள் உண்டு. ஓசூர் சிப்காட்டைச் சுற்றி லைன் வீடுகளில் இந்தியும் ஒடியாவும் பேசுகிற பிள்ளைகள் உண்டு. அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலை பார்க்க, பென்னாகரம் பக்கம் பாட்டியிடம் விடப்பட்டவர்களும் உண்டு. கீழே சொல்வதில் முக்கால்வாசி எல்லோருக்கும் பொருந்தும். பொருந்தாத இடத்தில் சொல்கிறேன்.

விளையாட்டு என்ன செய்யும், என்ன செய்யாது

5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் இருக்கிற வீட்டில் அந்த அறுபது நிமிடத்துக்கு எங்கே போவது? ஓடினால் பசிக்கும், பசித்துச் சாப்பிட்டால் தூக்கம் வரும், தூங்கி எழுந்த பிள்ளைக்கு எரிச்சல் குறையும். இது முதல் பலன். இதற்கு எந்த மனநல நிபுணரும் தேவையில்லை.

இரண்டாவது பலன் கொஞ்சம் நுட்பமானது. இந்தப் பிள்ளைகள் வாழ்க்கையில் எதுவும் அவர்கள் கையில் இல்லை. வீடு எப்போது மாறும், அப்பா எப்போது வருவார், மேலே படித்தால் வேலை கிடைக்குமா, எதற்கும் பதில் கிடையாது. விளையாட்டில் மட்டும் விதி முன்கூட்டியே தெரியும். கோட்டைத் தொட்டால் அவுட். அது பணக்காரனுக்கும் அவுட், முகாம் பையனுக்கும் அவுட். நாளைக்கும் அதே விதிதான். மனசு அதில் கொஞ்சம் ஊன்றிக்கொள்ளும்.

ஆகவே உங்கள் திறமையோ பந்தின் தரமோ இரண்டாம்பட்சம். நீங்கள் சொன்ன கிழமையில், சொன்ன நேரத்தில், சொன்ன மரத்தடியில் இருக்கிறீர்களா என்பதே வேலை. வாரம் ஒரு நாள் போதும், ஆனால் அந்த ஒரு நாள் தப்பக்கூடாது. ஆறு மாதம் வர முடியாது என்று தெரிந்தால் தொடங்கவே வேண்டாம். ஒரு தடவை ஒரு குழு வந்தது. பெயர் அச்சடித்த டீ-சர்ட், ஃபிளெக்ஸ், குழு போட்டோ, பிரியாணிப் பொட்டலம். ‘அடுத்த வாரம் வருவோம்’ என்றார்கள். மூன்று ஞாயிறு பிள்ளைகள் அந்த டீ-சர்ட்டைத் துவைத்துப் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அதைவிட அவர்கள் வராமலே இருந்திருக்கலாம்.

விளையாட்டு செய்யாததும் உண்டு. கடுமையான மனநோயைக் குணப்படுத்தாது. குடியுரிமை வாங்கித் தராது. ‘உன்னை ஸ்டேட் டீமுக்கு அனுப்புகிறேன்’ என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லாதீர்கள். போட்டிகளுக்குக் கேட்கிற சான்றிதழ்கள் அவர்களிடம் இருக்குமா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். ஒலிம்பிக்கில் 2016 ரியோவில் முதல்முறையாக அகதிகள் அணி என்று பத்துப் பேர் இறங்கினார்கள். 2024 பாரிஸில் அந்த அணியின் சிண்டி என்கம்பா குத்துச்சண்டையில் வெண்கலம் வாங்கினார், அணிக்கே அதுதான் முதல் பதக்கம். அந்தக் கதையை நான் சொல்வதுண்டு, பிள்ளைகளுக்கும் பிடிக்கும். சொல்லி முடித்ததும் ‘வாங்க, கல் பொறுக்கலாம்’ என்று எழுந்துவிடுவேன். ஆசையைத் தொங்கவிட்டு ஓட வைக்கக்கூடாது.

முதல் படி: அனுமதி

முகாமுக்குள் நினைத்தபோது நுழைய முடியாது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதுங்கள்: யார் நீங்கள், எத்தனை பேர், என்ன கிழமை, எவ்வளவு நேரம், என்ன விளையாட்டு. வருகிற எல்லோருடைய அடையாள அட்டை நகலையும் இணையுங்கள். முகாமைக் கவனிக்கிற வருவாய் ஆய்வாளரை நேரில் பாருங்கள். எழுத்தில் அனுமதி வந்த பிறகே போக வேண்டும். ‘சும்மா விளையாட்டுதானே சார்’ என்று உள்ளே போய்விட்டால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது, விசாரணை முகாம் தலைவரிடம்தான் நடக்கும்.

காகிதம் கிடைத்ததும் முகாம் தலைவரையும், பிள்ளைகளுக்கு மாலை டியூஷன் எடுக்கிற அக்காக்களையும் போய்ப் பாருங்கள். பல முகாம்களில் தொண்டு நிறுவனங்கள் மாலை வகுப்பு நடத்துகின்றன, எடுப்பவர்கள் முகாமிலேயே படித்த பெண்கள். எந்தப் பிள்ளைக்கு வீசிங், எந்த வீட்டில் என்ன பிரச்சினை, யாரோடு யார் பேசுவதில்லை என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். தணிக்கை எந்த நாள், பணக்கொடை (அரசு தருகிற உதவித்தொகை) எந்த நாள் என்று கேட்டுக்கொண்டு அவற்றைத் தவிர்த்து நேரம் குறியுங்கள்.

சூளையில் முதலாளியும் மேஸ்திரியும் சம்மதிக்க வேண்டும். அங்கே விளையாட்டு என்றால் வேலை கெடும் என்று நினைப்பார்கள். மாலை விளக்கு வைக்கும் நேரம் ஒத்துவரும்.

இரண்டாம் படி: மைதானத்தைப் பாருங்கள், பிறகு வாங்குங்கள்

எங்கள் பக்கத்து மண் செம்மண், அதில் பாதி சுக்காங்கல். சீமைக்கருவேல முள் எப்போதும் கிடக்கும். பிள்ளைகள் வெறுங்காலோடு வருவார்கள். முதல் இரண்டு வாரம் விளையாட்டே வேண்டாம், கல்லும் முள்ளும் பொறுக்குங்கள். நீங்களும் குனிந்து பொறுக்க வேண்டும். பத்து நிமிடத்தில் யார் அதிகம் குவிக்கிறார்கள் என்று பார்த்தால் அதுவே விளையாட்டாகிவிடும். எங்கள் இடத்தில் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை தொடக்கம் கல் பொறுக்குவதுதான். ‘இது எங்க கிரவுண்டு’ என்ற பேச்சு அங்கிருந்துதான் வந்தது.

அணையோரம் என்றால் ஒரு விதி கல்லில் எழுதியது மாதிரி இருக்க வேண்டும்: தண்ணீரில் விழுந்த பந்து போனது போனதுதான். யாரும் இறங்கக்கூடாது, நீச்சல் தெரிந்தவனும்கூட. தண்ணீருக்கு முதுகு காட்டி ஆடுகிற மாதிரி மைதானத்தைத் திருப்பிப் போடுங்கள். பந்து அந்தப் பக்கம் போவது பாதியாகக் குறையும்.

வாங்க வேண்டியவை கொஞ்சம்தான். ரப்பர் பந்து நாலு, வாலிபால் இரண்டு, காற்றடிக்கும் பம்பு, தேங்காய்நார்க் கயிறு. நெட்டுக்குப் பழைய புடவையைக் கயிற்றில் முடிந்தால் போதும். மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டில்தான் எல்லைக்கல். கோடு போடக் கோலமாவு வாங்குங்கள், சுண்ணாம்புத் தூள் வேண்டாம். சுண்ணாம்பு கண்ணில் விழுந்தால் வெந்துவிடும், பிள்ளைகள் விழுந்து புரளுகிற மண் இது. ஷூ வாங்கித் தருகிறேன் என்று யாராவது நன்கொடையாளர் வந்தால், எல்லோருக்கும் என்றால் சரி, பத்துப் பேருக்கு என்றால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

தண்ணீர், வெயில், வயிறு

நம் இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம். பழுப்பேறிய பற்களைப் பள்ளிக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள். அதற்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஓடிக் களைத்த பிள்ளை அதிகத் தண்ணீர் குடிக்கும். அது பக்கத்து போர்வெல் தண்ணீராக இல்லாமல் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீராக இருக்கும்படி ஒரு கேனில் பிடித்து வையுங்கள். கால் மணிக்கு ஒருமுறை விளையாட்டை நிறுத்திக் குடிக்க வையுங்கள், கேட்டால் தாகமில்லை என்றுதான் சொல்வார்கள். முட்டி வலி, எலும்பு வலி என்று திரும்பத் திரும்பச் சொல்கிற பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டச் சொல்லுங்கள்.

சித்திரை வைகாசியில் மாலை விளையாட்டை விட்டுவிட்டுக் காலை ஆறரைக்கு மாற்றுங்கள். ஓசூர், தளி பக்கம் வெயில் குறைவு, இவ்வளவு கெடுபிடி வேண்டாம்.

முடிந்ததும் ஏதாவது கடிக்கக் கொடுங்கள். வேர்க்கடலை உருண்டை, கொண்டைக்கடலைச் சுண்டல், கேழ்வரகு உருண்டை, எல்லாம் இங்கேயே விளைவது. இதைப் பரிசாகக் கொடுக்காதீர்கள். ஜெயித்தவனுக்கு இரண்டு, தோற்றவனுக்கு ஒன்று என்ற கணக்கு வேண்டவே வேண்டாம். மதியம் சாப்பிட்டதா என்று தெரியாத பிள்ளையிடம் அந்தக் கணக்கைப் போடக்கூடாது.

மூன்றாம் படி: அந்த ஒரு மணி நேரம்

வட்டமாக நிற்பதில் தொடங்குங்கள். வரிசை வேண்டாம். வரிசையில் நிற்க அவர்களுக்கு வேறு எத்தனையோ இடம் இருக்கிறது. ஒவ்வொருவரும் பேரைச் சொல்லி ஒரு அசைவு செய்ய வேண்டும், மற்றவர்கள் அதையே திருப்பிச் செய்ய வேண்டும். புதிதாக வந்தவன் பேசாமல் நின்றால் விட்டுவிடுங்கள். எங்களிடம் ஒரு பையன் ஒன்பது வாரம் பேர் சொல்லாமல் ஒரு குதி மட்டும் குதித்தான். பத்தாவது வாரம் சொன்னான், அதுவும் பட்டப்பேரை.

பிறகு தொடு விளையாட்டு, பத்து நிமிடம். பிறகு பெரிய விளையாட்டு ஒன்று. கடைசியில் மறுபடி வட்டம், உட்கார்ந்து மூச்சை இழுத்து மெதுவாக விடுவது, அடுத்த வாரம் என்ன ஆடலாம் என்று கேட்பது. இந்த வரிசை மட்டும் எந்த வாரமும் மாறக்கூடாது. உள்ளே இருக்கிற விளையாட்டு மாறலாம்.

விசிலை நான் விட்டுவிட்டேன். கை தட்டுகிறேன்: இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, ஒரு தட்டு. கேட்டவர்கள் திருப்பித் தட்டுவார்கள். மொழி தெரியாத ஓசூர்ப் பிள்ளைகளிடமும் இது வேலை செய்கிறது. அங்கே தமிழோடு தெலுங்கும் கன்னடமும் ஏற்கெனவே புழங்குவதால் கைஜாடைக்குப் பஞ்சமில்லை.

பெரிய விளையாட்டு எது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். ஒருவன் ஆட பத்துப் பேர் காத்திருக்கிற எதையும் எடுக்காதீர்கள், கிரிக்கெட் அதில்தான் தோற்றது. தோற்றவன் வெளியே உட்காருகிற விளையாட்டையும் மாற்றியமையுங்கள். அவுட்டானால் எதிரணிக்குப் போ, அல்லது ஐந்து குதி போட்டுவிட்டு உள்ளே வா. வெளியே நிறுத்தப்படுவதில் அந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே நல்ல பயிற்சி உண்டு.

எங்களுக்கு வழி காட்டியது ஒரு பாட்டி. நான் கோலமாவில் கபடிக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “தம்பி, கிளித்தட்டுக்கோ கீறுறியள்?” என்றார். இல்லை என்று சொல்ல மனமில்லாமல் ஆமாம் என்றேன். “அப்ப உது பிழை” என்று எழுந்து வந்து குச்சியை வாங்கினார். நீளமாக ஒரு செவ்வகம், நடுவே நெடுக ஒரு கோடு, குறுக்கே நாலு கோடு. குறுக்குக் கோட்டில் ஆளுக்கு ஒருவர் மறிக்க வேண்டும், கோட்டை விட்டு நகரக்கூடாது. நடுக்கோட்டில் ஓடுகிற உரிமை ‘கிளி’ ஒருவருக்குத்தான். எதிரணி ஒவ்வொரு கட்டமாகத் தொடப்படாமல் தாண்டிக் கடைசிக்குப் போய்த் திரும்பி வர வேண்டும், திரும்பி வந்தவர் ‘பழம்’, அதாவது ஆட்டத்தை முடித்தவர். விதி ஊருக்கு ஊர் மாறும், நம் பக்கத்திலும் இதன் தம்பி தங்கைகள் உண்டு.

அன்றைக்கு முதன்முறையாகப் பெண் பிள்ளைகள் இறங்கினார்கள். சொல்லிக்கொடுத்தது அவர்கள் பாட்டி, யாரால் தடுக்க முடியும்? பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் ஓடுகிற ஆட்டம், பந்து வேண்டாம், பலத்தைவிட ஏமாற்று வேகம்தான் முக்கியம். ஸ்டம்பைப் பிடுங்கிய அதே பெரிய பையனை எட்டு வயதுப் பெண் ஒருத்தி இடுப்பை வளைத்துத் தாண்டிப் போய்விட்டாள். அவன் முகத்தைப் பார்த்து முகாமே சிரித்தது, அவனும்தான். பெரியவர்களின் ஊர் விளையாட்டைக் கேளுங்கள் என்று அதிலிருந்து எல்லோரிடமும் சொல்கிறேன். அவர்கள் வாலிபாலைக் கரப்பந்து என்பார்கள், இலங்கையின் தேசிய விளையாட்டே அதுதான். கால்பந்து அவர்களுக்கு உதைபந்து. அந்தச் சொற்களையே நீங்களும் சொல்லிப் பாருங்கள், தாத்தாக்கள் தானாக வந்து உட்காருவார்கள். சூளையிலும் லைன் வீட்டிலும் இதையே செய்யுங்கள். ஒவ்வொரு ஊரிலும் ஒரு கோட்டு விளையாட்டு இருக்கிறது.

சூளைப் பிள்ளைகளிடம் ஒரு வேறுபாடு. அவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் லாரி ஏறிப் போய்விடுவார்கள். நிலையான அணி, புள்ளிப் பட்டியல், லீக் போட்டி எல்லாம் அங்கே சரிப்படாது. அன்றைக்கு வந்தவர்கள், அன்றைய அணி.

பெண் பிள்ளைகள்

வயதுக்கு வந்த பெண்ணை மைதானத்துக்கு அனுப்ப அம்மாக்கள் தயங்குவார்கள். வாதாடிப் பயனில்லை. குழுவில் ஒரு பெண் கட்டாயம் இருக்க வேண்டும். நேரம் இருட்டுவதற்குள் முடிய வேண்டும். பக்கத்தில் பூட்டிக் கிடக்கிற கழிப்பறையைத் திறந்து வைக்க வேண்டும். சுடிதாரோ நைட்டி மேல் சட்டையோ, எதில் வந்தாலும் ஆட விட வேண்டும். அம்மாக்களையும் எறிபந்துக்கு இறக்கிவிட்டால் வேலை சுலபம். ஒரு தடவை அம்மாக்கள் ஆடிய ஆட்டத்தில் நடுவராக நின்று எனக்குத்தான் திட்டு கிடைத்தது.

சண்டை வந்தால்

வரும். இரண்டு பேரையும் பிரித்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். யார் முதலில் அடித்தது என்று எல்லோர் முன்னிலும் விசாரிக்காதீர்கள், விசாரணை என்ற வாடையே கூடாது. முதல் மாதத்திலேயே விதிகளைப் பிள்ளைகளைக் கொண்டே எழுத வையுங்கள். எங்கள் பிள்ளைகள் எழுதியது நாலே வரி. அதில் ஒன்று, ‘அப்பா அம்மாவை இழுக்கக் கூடாது’. நான் யோசித்திருந்தால் அது எனக்குத் தோன்றியிருக்காது.

சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகளோடு ஆட வைப்பது நல்லதுதான், அவசரப்படாதீர்கள். முகாம் எதிர் ஊர் என்று அணி பிரித்தால் ஆட்டம் முடிந்தும் ஆட்டம் முடியாது. பேரில் முதல் எழுத்து, பிறந்த மாதம் என்று கலந்து பிரியுங்கள்.

கேட்காதீர்கள், கவனியுங்கள்

‘உங்க குடும்பம் எப்படி வந்தது, என்ன கஷ்டப்பட்டீங்க’ என்று தோண்டாதீர்கள். அவனாகச் சொன்னால் பந்தைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். அறிவுரை வேண்டாம், ‘எல்லாம் சரியாகிடும்’ என்ற பொய்யும் வேண்டாம். பார், கேள், உரிய இடத்தில் சேர்த்துவிடு என்ற மூன்றுதான் மன முதலுதவியில் சொல்லித்தருவது.

கவனிக்க வேண்டியவை: நன்றாக ஆடியவன் திடீரென்று ஒதுங்கி நிற்பது, தொட்டாலே துள்ளி விலகுவது, உடம்பில் காயம், தூக்கமே வருவதில்லை என்ற பேச்சு, செத்துப்போகலாம் போலிருக்கிறது என்ற சொல். கடைசிச் சொல் விளையாட்டாக வந்தாலும் விளையாட்டில்லை. அந்தப் பிள்ளையைத் தனியே விடாமல், நம்பகமான பெரியவர் ஒருவரிடம் அன்றே சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. மனநல ஆலோசனைக்கு அரசின் டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம். பாலியல் தொல்லை என்று சந்தேகம் வந்தால் நீங்கள் துப்பறிய வேண்டாம், மறைக்கவும் கூடாது. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தெரிவிக்க வேண்டியது உங்கள் கடமை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் எண்ணை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

உங்களுக்கும் விதி உண்டு. எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும். எந்தப் பிள்ளையையும் தனியாக வண்டியில் ஏற்றாதீர்கள், தனியாக அறைக்குள் கூப்பிடாதீர்கள், ராத்திரி போனில் பேசாதீர்கள். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போடுவது அறவே கூடாது. முகம் தெரிகிற ஒரு படம் எந்தக் கைக்குப் போகும் என்று அவர்களுக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. பிள்ளை கையில் கயிறு, ஜாதி, கட்சி, மதம், எதையும் மைதானத்தில் பேசாதீர்கள்.

காயத்துக்கு: சுத்தமான தண்ணீர், சோப்பு, பஞ்சு, துணி, ஓ.ஆர்.எஸ். பாக்கெட். பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, கட்டுவது எதுவும் வேண்டாம். ஆளை அசையாமல் வைத்து 108.

பதினாறு, பதினேழு வயதுக்காரர்கள்

சின்னப் பிள்ளைகளை விளையாட வைப்பது எளிது. ‘படிச்சு என்ன ஆகப்போகுது’ என்று சுவரோரம் நிற்கிற பையன்தான் கடினம். அவன் வட்டத்தில் நின்று குதிக்க மாட்டான். அவனிடம் வேலை கொடுங்கள். கோடு போடுவது, நேரம் பார்ப்பது, எட்டு வயதுக்காரர்களுக்கு நடுவர். மாதம் ஒரு ஞாயிறு அவர்களை மட்டும் உட்கார வைத்து, எப்படிச் சொல்லிக்கொடுப்பது, எப்படிக் கோபப்படாமல் அவுட் கொடுப்பது என்று பழக்குங்கள். திறமையானவனை எடுக்காதீர்கள், பொறுமையானவனை எடுங்கள். பாதிப் பேராவது பெண்களாக இருக்கட்டும். அவர்களுக்கென்று தனியாக ஒரு மணி நேரம் கரப்பந்து ஆடவும் விடுங்கள், பாடமில்லாமல், பேச்சில்லாமல்.

ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை, என்ன ஆட்டம், யார் முதன்முறை வந்தது, யார் வரவில்லை. இரண்டு வாரம் வராதவரின் வீட்டில் டியூஷன் அக்காவை விட்டு விசாரிக்கச் சொல்லுங்கள். யார் ஜெயித்தது என்று எழுதாதீர்கள். பிள்ளைகளின் சொந்த விஷயம் எதையும் அதில் எழுதக்கூடாது, அந்த நோட்டை யார் வேண்டுமானாலும் படிப்பார்கள்.

விலகுகிற நாள் வந்தால் ஒரு மாதம் முன்பே வட்டத்தில் சொல்லுங்கள். கடைசி நாள் கேக் வெட்டி அழ வைக்காதீர்கள். அடுத்து வருகிறவரை மூன்று வாரம் கூடவே நிற்க வைத்துவிட்டுப் போங்கள்.

எனக்குப் போன கார்த்திகையில் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை, கூட வருகிற டீச்சரும் ஊரில் இல்லை. முகாம் தலைவருக்குப் போன் போட்டு இந்த வாரம் இல்லை என்று சொல்லிவிட்டேன். அடுத்த ஞாயிறு போய் நோட்டைத் திறந்தால், பிளஸ் ஒன் படிக்கிற பெண்ணின் கையெழுத்தில் ஒரு பக்கம் கூடுதலாக இருந்தது. ‘சார் வரவில்லை. காய்ச்சல். வந்தவர்கள் 19, பெண்கள் 11. கல் பொறுக்கினோம். கிளித்தட்டு. சண்டை 1.’